காரணம் தெரியாத சோர்வு: முதலில் எங்கே போவது?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் அக்கா ஒரு தனியார் ஆய்வகத்தின் முழு உடல் பரிசோதனைத் திட்டத்துக்கு 1,999 ரூபாய் கட்டினார். கும்பகோணத்துக்கு அருகே ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கும் அவருக்கு அப்போது வயது 41. மதியத்துக்கு மேல் நின்றுகொண்டு பாடம் நடத்த முடியாத அளவுக்கு ஏழு மாதங்களாக அசதி இருந்தது. காலை ஆறு மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மறுநாள் மாலை பதினான்கு பக்க அறிக்கை கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. 84 அளவுகளில் மூன்று மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன: வைட்டமின் டி 16, தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச் 5.8, வரம்பைச் சற்றே தாண்டிய யூரிக் அமிலம். திட்டத்தோடு இலவசமாகக் கிடைத்த தொலைபேசி ஆலோசனையில் வைட்டமின் டி பொடியும் தைராய்டு மாத்திரையும் எழுதிக் கொடுக்கப்பட்டன. மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டார். அசதி அப்படியே இருந்தது.

நான் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன், மருத்துவன் அல்லன். அக்கா பணம் கட்டுவதற்கு முன்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "உன்னிடம் கேட்டால் நீ பத்துக் கேள்வி கேட்பாய், அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை" என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் ஏறத்தாழ அதுதான். நீடித்த சோர்வுக்குக் காரணம் தேடிக் கிளம்புகிறவருக்கு நம் ஊரில் பல வழிகள் திறந்திருக்கின்றன. அவற்றை ஒப்பிடும்போது எங்கே அதிகச் சோதனை செய்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, எங்கே கேள்வி கேட்கிறார்கள், கேட்டவரே மறுபடியும் நம்மைப் பார்ப்பாரா என்று பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

இதற்குக் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. "அசதியா இருக்கு", "உடம்பே முடியல", "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று நாம் சொல்வதற்குள் வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒருவருக்குப் பேருந்தில் உட்கார்ந்ததுமே கண் சொக்குகிறது. அவருடையது தூக்கத்தின் கோளாறாக இருக்கலாம். இன்னொருவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தத்தையோ இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டும். மூன்றாமவருக்குத் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தலை வாரவே வலுவில்லை. அது தசையின் பலவீனம். வேறொருவருக்கு உடம்பில் தெம்பு இருந்தும் எதிலும் மனம் ஒட்டவில்லை. இந்த நால்வரும் ஆய்வகத்தின் முன்பதிவுப் பக்கத்தில் ஒரே திட்டத்தைத்தான் வாங்குவார்கள்.

நேரே ஆய்வகத்துக்குப் போவது

இந்த வழியின் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, காத்திருப்பு இல்லை, தனித்தனியாகச் செய்தால் ஆகும் செலவைவிடக் குறைவு, யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ தெரியாமலே இருந்தவர்கள் சிலர் இப்படித்தான் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்த அறிக்கைகளை நானே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால், 84 என்ற எண்ணிக்கை எப்படி வருகிறது என்பதை உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்லிவிட வேண்டும். முழு ரத்த அணுப் பரிசோதனை என்ற ஒற்றைச் சோதனையே இருபதுக்கு மேற்பட்ட வரிகளைத் தரும். கொழுப்புச் சோதனையில் அளப்பது மூன்று நான்குதான். மற்றவை ஒன்றை ஒன்றால் வகுத்துக் கிடைக்கும் விகிதங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. ஓர் அளவின் இயல்பு வரம்பு என்பது, பெரும்பாலும், ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும் எல்லை. ஆகவே நோயே இல்லாத ஒருவருக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்தால், குறைந்தது ஒன்றாவது வரம்புக்கு வெளியே விழும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. தடித்த எழுத்தில் ஏதாவது வந்தே தீரும். வந்ததைச் சோர்வின் காரணம் என்று நம்பிவிடுவது மனித இயல்பு.

அக்காவுக்கு வந்த டிஎஸ்எச் 5.8 இதற்கு நல்ல உதாரணம். தைராய்டு சுரப்பின் அளவு சரியாகவே இருந்து, டிஎஸ்எச் மட்டும் சற்று ஏறியிருக்கும் நிலைக்கு மாத்திரை கொடுப்பதால் சோர்வு குறைகிறதா என்பதை ஐரோப்பாவில் 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சோர்வில் வேறுபாடு தென்படவில்லை. 2019-இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு, கர்ப்பத்துக்கு முயல்பவர்கள், டிஎஸ்எச் 20-ஐத் தாண்டியவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றப் பெரியவர்களுக்கு இந்த நிலையில் மாத்திரை தொடங்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. குறைந்தபட்சம் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பதுதான் முறை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தைராய்டு அளவுகளே பிறழ்ந்து வரக்கூடும் என்பதையும், அதைச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பதையும் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பையன் கேட்பதில்லை. கேட்பது அவன் வேலையும் அன்று.

வைட்டமின் டி குறைவு நம் ஊரில் மிகச் சாதாரணம்; அசதி இல்லாதவர்களுக்கும் அது குறைவாகவே இருக்கும். வாரம் ஒன்று என்று எழுதிய 60,000 அலகுப் பொடியைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். கால்சியம் ஏறினால் தாகம், மலச்சிக்கல், கூடவே சோர்வு. மருந்தே நோயாகிவிட்டதை யாரும் சந்தேகிப்பதுகூட இல்லை.

தெருமுனை மருத்துவரா, பொது மருத்துவ நிபுணரா?

ஐப்பசியில் அக்காவை ஒரு பொது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஆலோசனைக் கட்டணம் 300 ரூபாய். பதினான்கு பக்கத்தையும் மேசையில் வைத்தோம். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கேட்கத் தொடங்கினார். எப்போதிலிருந்து, காலையிலா மாலையிலா, தூங்கி எழுந்தால் தெளிகிறதா, எடை குறைந்ததா, மாலையில் காய்ச்சல் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், மாதவிலக்கு எத்தனை நாள், நாப்கின் எத்தனை மாற்றுகிறீர்கள். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி: "பச்சரிசி எடுத்து மெல்லுற பழக்கம் இருக்காம்மா?"

அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அரிசி டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வதாகவும், பள்ளிக்குக்கூடச் சிறு பொட்டலத்தில் கொண்டுபோவதாகவும், வெட்கத்தால் யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னார். அரிசி, சாம்பல், சுண்ணாம்பு, ஐஸ் கட்டி என்று உணவல்லாததிலோ சமைக்காததிலோ நாக்கு போவது இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். அதன் பிறகே மருத்துவர் அறிக்கையை எடுத்தார். ஹீமோகுளோபின் 12.1, உலக சுகாதார நிறுவனம் கர்ப்பமில்லாத பெண்களுக்கு வைத்திருக்கும் எல்லை 12 என்பதால் அது தடித்த எழுத்தில் வரவில்லை. சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்சிவி 80.6, எல்லை 80 என்பதால் அதுவும் தப்பிவிட்டது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பள்ளியில் நடந்த முகாமின் சீட்டு அக்காவின் கைப்பையில் இருந்தது, அதில் 13.4, 88 என்று இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் சரிவு கண்ணுக்குத் தெரிந்தது. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அந்த 84-இல் இல்லை. அதை மட்டும் எழுதிக் கொடுத்தார். 8 வந்தது, 15-க்குக் கீழே போனாலே குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே இருப்பு காலியாகிவிடும் என்பதும், அந்த நிலையிலேயே அசதி வரலாம் என்பதும் இன்று நன்றாக அறியப்பட்டவை. பிரான்சின் குடும்ப மருத்துவர்களிடம் சோர்வு என்று வந்த, ரத்தசோகை இல்லாத, ஃபெரிட்டின் 50-க்குக் குறைந்த 198 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. பன்னிரண்டு வாரம் இரும்பு சாப்பிட்டவர்களுக்குச் சோர்வு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கொஞ்சம் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இப்படிப்பட்ட மாநிலத்தில் அசதிக்கென விற்கப்படும் திட்டத்தில் ஃபெரிட்டின் இல்லாமல் புற்றுநோய்க் குறிகாட்டிகள் இருப்பதை என்னவென்று சொல்வது!

இரும்பு குறைவு என்று தெரிந்ததோடு வேலை முடிவதில்லை. எங்கே போகிறது என்பதே அடுத்த கேள்வி. அக்காவுக்கு ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. மாதாமாதம் போனது அதன் வழியாக. இதுவே ஓர் ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்திருந்தால், இரைப்பையிலும் குடலிலும் ரத்தம் கசிகிறதா என்று உள்நோக்கிக் கருவி விட்டுப் பார்த்தாக வேண்டும். பெருங்குடல் புற்றுநோய் முதலில் அசதியாகவே தலைகாட்டுவதுண்டு. இரும்பு மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் அதைத் தள்ளிப்போடுகிறார். இரும்பு குறைந்திருக்கும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை வைத்துச் சர்க்கரை நோய் என்று முத்திரை குத்திக்கொள்ள அவசரப்பட வேண்டியதில்லை.

ஆனால் எல்லாப் பொது மருத்துவரும் இப்படிக் கேட்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாலை ஏழு மணிக்கு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் மருத்துவமனையில் மூன்று நிமிடம்தான் கிடைக்கும்; அந்த மூன்று நிமிடத்தின் முடிவு பல இடங்களில் ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசியாகவோ "ஒரு பாட்டில் குளுக்கோஸ்" ஆகவோ இருக்கிறது. "டிரிப்ஸ் ஏத்தினாத்தான் தெம்பு வரும்" என்று நோயாளியே கேட்டு வாங்குவதும் உண்டு. 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், அதாவது ஆறு தேக்கரண்டி சர்க்கரை. இரண்டு இட்லி தரும் சக்திக்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. குளுக்கோஸைவிட ஊசியே கூடுதல் தொல்லை. அதில் பி12 இருந்தால், அதற்குப் பிறகு எடுக்கும் ரத்தத்தில் பி12 அளவு உயர்ந்தே காட்டும். குறைவு இருந்ததா என்று அறியும் வாய்ப்பு பல வாரங்களுக்குப் போய்விடும். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைவது சகஜம் என்பதால், ஊசி போடுவதற்கு முன்பே ரத்தத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

தெருமுனையில் இருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவரா, பொது மருத்துவத்தில் எம்.டி. படித்தவரா என்று கேட்டால், உங்களை ஏற்கெனவே அறிந்த முதலாமவர், அறியாத இரண்டாமவரைவிட மேல் என்பேன். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் எம்.டி.யிடம் போகலாம். இருவரில் யாரிடம் போனாலும் கூட்டமில்லாத நேரம் எது என்று முன்பே கேட்டுக்கொண்டு, பழைய அறிக்கைகளையும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் தினமும் போடும் செட்டிரிசினும்கூட அசதி தரும். அதோடு இரண்டு வாரக் குறிப்பு ஒன்று வேண்டும்: எத்தனை மணிக்குப் படுத்தது, எழுந்தது, எப்போது உடம்பு தளர்ந்தது, அதற்கு முந்தைய நாள் என்ன வேலை செய்தது. பள்ளி நோட்டில் நாளுக்கு இரண்டு வரி போதும்.

நேரே சிறப்பு நிபுணரிடம் போவது

"எனக்குத் தைராய்டாகத்தான் இருக்கும்" என்று தானே முடிவு செய்து நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடமும், "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிக்கொண்டு நரம்பியல் நிபுணரிடமும் போகிறவர்கள் ஏராளம். நிபுணர் தம் எல்லைக்குள் மிகத் துல்லியமாகப் பார்ப்பார். அந்த எல்லைக்குள் ஒன்றுமில்லை என்றால் "என் பக்கம் ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார். அவர் சொன்னது சரிதான். நீங்கள் தட்டிய கதவுதான் வேறு. கழுத்தில் கட்டி, மூட்டு வீக்கம், கை நடுக்கம் என்று திட்டமான ஓர் அடையாளம் இருந்தால் நேரே போவதில் தவறில்லை. வெறும் அசதி மட்டும் என்றால் இது எல்லாவற்றிலும் செலவு கூடிய வழி.

இதற்கு ஒரு விதிவிலக்காக நான் கருதுவது தூக்கத்தை. குறட்டை பக்கத்து அறைக்குக் கேட்கிறது, இடையிடையே மூச்சு நின்று திணறி எழுகிறார், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறார் என்று வீட்டம்மா சொல்கிற ஆணுக்கு, குறிப்பாகக் கழுத்து பருத்து ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு, எந்த ரத்தப் பரிசோதனையும் விடை தராது. நுரையீரல் நிபுணரிடமோ காது மூக்கு தொண்டை நிபுணரிடமோ போய் இரவுத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வதே நேர்வழி. வீட்டிலேயே கருவியை மாட்டிக்கொண்டு செய்யும் வகையும் இப்போது உண்டு. போகும்போது மனைவியையும் அழைத்துப் போக வேண்டும். தூங்குகிறவருக்குத் தன் குறட்டை தெரியாது.

அரசு மருத்துவமனை

நடுத்தர வர்க்கம் இந்த வழியை எண்ணிப் பார்ப்பதே இல்லை. அது பிழை என்று நினைக்கிறேன். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 2016-இல் தொடங்கப்பட்ட முழு உடல் பரிசோதனை மையத்தில் அன்று 1,000, 2,000, 3,000 ரூபாய் என மூன்று வகைத் திட்டங்கள் வைக்கப்பட்டன. தனியார் திட்டத்துக்குச் சொன்ன குறைகள் அதற்கும் பொருந்தும் என்றாலும், முடிவைப் பார்க்கும் மருத்துவர்களும் தேவைப்பட்டால் அனுப்ப வேண்டிய துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களில் பல துறை மருத்துவர்களை ஒரே நாளில் பார்க்க முடிந்தது. ஆனால் முகாம் என்பது முதல் சல்லடைதான், ஒருவரை மறுபடி மறுபடி பார்க்கும் இடமன்று.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, "ஒவ்வொரு தடவையும் வேற டாக்டர்" என்பது. அங்கே பொது மருத்துவம் பல அலகுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வோர் அலகுக்கும் வெளிநோயாளிகளைப் பார்க்க வாரத்தில் குறிப்பிட்ட நாள் உண்டு. முதல் தடவை செவ்வாய்க்கிழமை பார்த்திருந்தால் அடுத்த தடவையும் செவ்வாய்க்கிழமையே போனால் அதே பேராசிரியரின் அலகுக்கே போவீர்கள். சீட்டில் அலகின் எண் எழுதியிருக்கும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று அசதியோடு சேர்ந்திருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்; அந்த நிலையில் வேறு எங்கும் போய்ச் சுற்றுவது வீண்.

சித்த மருத்துவம்

இதை நம்பிக்கை, அவநம்பிக்கை என்று பேசுவதில் பயனில்லை. வரிசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சித்த நூல்கள் பாண்டு என்று சொல்லும் நோயின் வெளுப்பும் இளைப்பும் நாம் சொல்லும் ரத்தசோகையோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. அதற்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரத்தின் மூலப்பொருளான அன்னபேதி வேறொன்றுமில்லை, ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்புதான். ஆகவே அது வேலை செய்வதில் வியப்பில்லை. சிக்கல் என்னவென்றால், சோதிப்பதற்கு முன்பே அதைச் சாப்பிடத் தொடங்கினால் அளவுகள் கலங்கிவிடும். ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வியும் அமுங்கிவிடும். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டே மருந்து கொடுக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் தானே வாங்கிச் சாப்பிடுவதோடு அதை ஒன்றாக எண்ணக் கூடாது.

எங்குமே போகாமல் இருப்பது

இதுவும் ஒரு வழிதான். சில சமயம் நல்ல வழியும்கூட. நெதர்லாந்தில், வேறு எந்த அடையாளமும் இல்லாத சோர்வுக்கு உடனே ரத்தப் பரிசோதனை எழுதாமல் நான்கு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று குடும்ப மருத்துவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். பலருக்கு அதற்குள் தானே தெளிந்துவிடுகிறது. டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா என்று ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் பின் வரும் அசதிக்கு இது பொருந்தும்; 2006-இல் சிக்குன்குனியா வந்து போனபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் இரண்டு மூன்று மாதம் கம்பு ஊன்றித்தான் நடந்தார்கள், பிறகு பெரும்பாலானவர்கள் தேறிவிட்டார்கள்.

ஆனால் முயலாமலே எடை குறைவது, இரவில் வியர்த்து நனைவது, கருப்பாகவோ ரத்தத்தோடோ மலம் போவது, நெஞ்சு வலி, படுத்தால் மூச்சுத் திணறல், கழுத்திலோ அக்குளிலோ நெறிக்கட்டி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நான்கு வாரமெல்லாம் கிடையாது. அன்றே போக வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எல்லாம் சரி என்று வந்துவிட்டால்

அக்காவுக்கு விடை கிடைத்தது. பலருக்கு முதல் சுற்றில் கிடைப்பதில்லை, ஒப்பீட்டின் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மகன், வயது 27, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எட்டு மாதமாக எழுந்து நடமாட முடியாமல் இருந்தான். ரத்த அணு, ஃபெரிட்டின், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், பி12 எல்லாம் சரி. வீட்டார் முன் மூன்று யோசனைகள் இருந்தன: இன்னும் பெரிய பரிசோதனைகளுக்குப் போவது, மருத்துவரை மாற்றுவது, அதே மருத்துவரிடம் தொடர்வது.

முதல் யோசனையின் ஆபத்தை ஒரே உதாரணத்தில் காட்டலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்களைத் தேட ஏஎன்ஏ என்றொரு சோதனை உண்டு. ஆரோக்கியமானவர்களிடம் செய்து பார்த்ததில், ரத்தத்தின் தெளிநீரை 40 மடங்கு நீர்க்கச் செய்த 1:40 அளவில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கும், 1:80-இல் 13 விழுக்காட்டினருக்கும், 1:160-இல்கூட 5 விழுக்காட்டினருக்கும் அது பாசிட்டிவ் என்றே வருகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூட்டு வீக்கமோ தோல் தடிப்போ வாய்ப்புண்ணோ இல்லாதவருக்கு இதைச் செய்வது விடையைவிடப் பயத்தையே அதிகம் தரும். காய்ச்சல் இல்லாதவருக்கு வைடால் சோதனை செய்து டைபாய்டு என்று மருந்து கொடுப்பதும் இதே கதைதான்.

இரண்டாவது யோசனை, முதல் மருத்துவர் "ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் நியாயமானது. மனச்சோர்வு உண்மையிலேயே அசதிக்குப் பெரிய காரணம். ஆனால் அதையும் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லையா, விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறதா, பசி எப்படி என்று முறையாக விசாரித்து மனச்சோர்வு என்று சொல்கிறவரிடம் தங்கலாம். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லாததாலேயே மனம்தான் என்று முடிவு கட்டுகிறவரை விட்டு விலகலாம். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1955-இல் இருநூறுக்கு மேற்பட்ட பணியாளர்கள் நீங்காத சோர்வோடு விழுந்ததை, 1970-இல் இரண்டு மருத்துவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிய வெறும் மனக்கோளாறு (மாஸ் ஹிஸ்டீரியா) என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பார்வையின் நிழல் இன்றும் பல ஆலோசனை அறைகளில் விழுகிறது.

அந்தப் பையனுக்கு விடையைத் தந்தது பள்ளி நோட்டுக் குறிப்புதான். சற்றுத் தெம்பாக இருந்த நாளில் கடைத்தெருவுக்குப் போய் வந்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ விழுந்துவிடுவதும், எழுந்திருக்க நான்கைந்து நாள் ஆவதும் மூன்று முறை பதிவாகியிருந்தன. உழைப்புக்குப் பின் தாமதித்து வரும் இந்தச் சரிவு, தூங்கியும் தெளியாமை, மனம் ஒன்றிப் படிக்க முடியாமை, அன்றாட வேலைகளையே முடக்கும் அயர்ச்சி ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் நாள்பட்ட அயர்ச்சி நோய் என்று ஆறு வாரத்தில் சந்தேகித்து மூன்று மாதத்தில் உறுதி செய்யலாம் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டி. அமெரிக்காவில் 2015-இல் வகுத்த வரையறை ஆறு மாதம் கேட்கிறது. இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றவற்றை விலக்கி, கதையைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். பெயர் தெரிவதால் ஓர் உடனடிப் பயன் உண்டு: "தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டு" என்று எல்லோரும் சொல்லும் அறிவுரை இந்த நோயில் கெடுதல் செய்யக்கூடும் என்பதால், படிப்படியாக ஏற்றும் உடற்பயிற்சித் திட்டத்தை அதே வழிகாட்டி கைவிட்டுவிட்டது. உள்ள தெம்புக்குள் அடங்கும்படி வேலையைப் பங்கிட்டுக்கொள்வதே இப்போதைய முறை.

அவனுடைய மருத்துவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து வரும்படி நாள் குறித்திருக்கிறார்; அதற்குள் காய்ச்சலோ எடைக் குறைவோ தென்பட்டால் நாளைப் பார்க்காமல் வரச் சொல்லியிருக்கிறார். அக்காவின் ஃபெரிட்டின் நான்கு மாதத்தில் 8-இலிருந்து 37-க்கு ஏறியிருக்கிறது. தைராய்டு மாத்திரையை மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகு எடுத்த டிஎஸ்எச் 3.9. இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாப்பாட்டுக்கும் காபிக்கும் ஒட்டாமல் சாப்பிடுகிறார். பச்சரிசி ஆசை மூன்றாம் வாரமே போய்விட்டதாம். மதிய வகுப்பை நின்றுகொண்டே நடத்த இரண்டரை மாதம் ஆனது. கட்டிக்கு மாத்திரையா, கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனமா, அறுவையா என்று மகப்பேறு மருத்துவர் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை முடிவெடுப்பதற்கு முன்பு அக்கா என்னிடம் தொலைபேசியில் பேசினார்.